தீவுகள் கால் ஊன்றிய கதை

தீவுகளுக்குக் கால் இருந்த அந்தக் காலத்தில் எந்தத் தீவும் ஓர் இடத்தில் நின்றதில்லை. மேகம் எங்கே கறுக்கிறதோ அந்தப் பக்கம் போகும். இளஞ்சூடான தண்ணீர் கிடைத்தால் நாலு நாள் அங்கே கிடக்கும். பிறகு என்ன தோன்றுமோ, எழுந்து நடையைக் கட்டிவிடும். எருமை முதுகில் கொக்கு உட்கார்ந்து போவதுபோல மனிதர்கள் தீவுகளின் முதுகில் குடியிருந்தார்கள். மீனும் நண்டும் அப்போது பேசின. தீவுகளும் பேசின.

கூனன் என்று ஒரு தீவு இருந்தது. நடுவில் ஒற்றை மலை முதுகுக் கூன்போல எழுந்து நிற்கும். அதனால் அந்தப் பெயர். கூனன்மேல் நாற்பது குடும்பங்கள் இருந்தன. அவர்கள் பேச்சில் கிழக்கு, மேற்கு என்ற சொற்களே கிடையாது. இன்றைக்கு வாசலில் உதித்த சூரியன் நாளைக்குக் கொல்லைப்பக்கம் உதிக்கும். ஆகவே தலைப்பக்கம், வால்பக்கம் என்றுதான் சொல்வார்கள். பானையைத் தரையில் வைக்க மாட்டார்கள், உறியில் தொங்கவிடுவார்கள். வீட்டை மரத்தோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். மழையில் விதைத்த தினை கதிர் வாங்குகிற நேரம் பார்த்துக் கூனன் பனிக்கட்டி மிதக்கிற கடலுக்குள் போய்விடுவான். பயிர் கருகிப்போகும். திட்டினால் கோபித்துக்கொண்டு உடம்பைக் குலுக்குவான். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு மறுபடியும் விதைப்பார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வழியில் இரண்டு தீவுகள் சந்தித்துக்கொண்டால் மாடுகள்போலத் தோளோடு தோள் உரசி இரண்டு மூன்று நாள் நிற்கும். அந்த இரண்டு மூன்று நாளில் இந்தத் தீவுக்காரர்கள் அந்தத் தீவுக்குள் போவார்கள், அவர்கள் இங்கே வருவார்கள். விருந்து நடக்கும், பண்டமாற்று நடக்கும், கல்யாணமும் நடக்கும். பிறகு தீவுகள் பிரியும். திரும்ப எப்போது சந்திக்கும் என்று தீவுகளுக்கே தெரியாது. படகு என்ற ஒன்றை அன்றைக்கு யாரும் செய்து பார்த்ததில்லை. இறங்கிப் போனவன் திரும்பி வரும்போது தீவு அங்கே இருக்க வேண்டுமே!

உமரி என்பவள் அந்தக் கூனன்மேல் பிறந்து வளர்ந்தவள். புருஷன் இறந்து வெகு நாளாகிவிட்டது. ஒரே மகள், பெயர் நுணா. தட்டை என்ற தீவு ஒருமுறை கூனனோடு உரசி நின்றபோது, நுணாவை அந்தத் தீவுக்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். தட்டையில் மலை என்று எதுவும் கிடையாது. எங்கே நின்றாலும் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் ஆள் உயரம்தான்.

"ஐந்தாறு நாள் நிற்பேன்" என்று கூனன் உறுதி சொல்லியிருந்தான். மூன்றாம் நாள் காலையிலேயே தலைப்பக்கம் இடி இடித்தது. மழை வாசனை பிடித்துக்கொண்டு கூனன் கிளம்பிவிட்டான். மகளுக்குக் கொடுக்கச் செய்த பலகாரத்தை ஓலைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு உமரி கரைக்கு ஓடி வருவதற்குள் இரண்டு தீவுகளுக்கும் நடுவே இருபது முழம் தண்ணீர் விழுந்துவிட்டது.

அந்தக் கரையில் நின்று நுணா கத்தினாள். "அம்மா, எறி! பெட்டியை எறி!"

உமரி எறிந்தாள். பெட்டி பாதி வழியில் தண்ணீரில் விழுந்தது.

அது நடந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. அந்த ஒன்பது வருஷத்தில் உமரியால் ஒரு நாள்கூட ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. விடிந்ததும் கரைக்கு வந்துவிடுவாள். கூனனைச் சுற்றி வர அரை நாள் ஆகும். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று. கண் எப்போதும் கடல் விளிம்பில் இருக்கும். சோற்றைக்கூட நின்றுகொண்டே அள்ளிப் போட்டுக்கொள்வாள். படுத்தாலும், இந்நேரம் வால்பக்கத்தில் தட்டை கடந்து போகிறதோ என்று எழுந்து உட்காருவாள்.

எதிர்ப்பக்கமாக இன்னொருவன் அதே கரையைச் சுற்றுவான். அவன் பெயர் கண்டலன். மரம் வெட்டுகிறவன். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அந்தத் தம்பி வன்னி, மூக்கன் என்ற தீவு உரசி நின்றபோது கடற்பறவை முட்டை எடுக்கிறேன் என்று அங்கே தாவிப் போனான். முட்டையோடு திரும்பி வரும்போது தீவுகள் பிரிந்துவிட்டன. அதற்கும் நாலு வருஷம் ஆகிவிட்டது.

உமரியும் கண்டலனும் ஒரு நாளைக்கு நாலு முறையாவது எதிர்ப்படுவார்கள்.

"தெரிந்ததா, அக்கா?" என்று அவன் கேட்பான்.

"இல்லை. உனக்கு?"

"இல்லை."

அவ்வளவுதான் பேச்சு. நடையைத் தொடர்வார்கள்.

மலை அடிவாரத்தில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. கூனன் அதன் வழியாகத்தான் பேசுவான். ஒருநாள் உமரி அங்கே போய் நின்றாள்.

"கூனப்பா, தட்டை எங்கே போனாள்?"

"யாருக்குத் தெரியும்?" என்றான் கூனன். ஊற்று குமிழியிட்டது.

"தேடிப் போகலாமே."

"நான் போகிறவன், உமரி. தேடிப் போகிறவன் இல்லை."

"அப்படியானால் ஓர் இடத்தில் நில். அவள் அலைந்து திரிந்து என்றைக்காவது அந்த வழியாக வராமலா போய்விடுவாள்?"

ஊற்றிலிருந்து ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. "நிற்பதா? ஒரு நாள் சேர்ந்தாற்போல நின்றாலே உள்ளங்காலில் சேறு ஏறுகிறது. உடம்பெல்லாம் என்னவோ செய்கிறது. உனக்குத் தெரியாததா? நீயும்தான் என்மேல் சுற்றிச் சுற்றி வருகிறாய். உன்னை யாராவது நில் என்றால் நிற்பாயா?"

உமரி மறுபடியும் கரைக்குத் திரும்பினாள்.

அன்றைக்குக் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நடந்து வரும்போது காலடியில் ஒரு குரல் கேட்டது. ஒரு குரல் என்று சொல்ல முடியாது. அரிசி கொட்டுகிற சத்தம்போல ஆயிரம் குரல்கள் ஒன்றாகப் பேசின.

"காலைப் பார்த்து வை, அம்மா."

உமரி குனிந்து பார்த்தாள். பாறை இடுக்கில் கடுகைவிடச் சிறிய, மெத்தென்ற பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன.

"யார் நீங்கள்?"

"பவளப் பூச்சிகள். எங்களுக்கு வீடு கட்டத் தெரியும். கட்டத்தான் இடம் கிடைக்கவில்லை. வெயில் படுகிற தெளிந்த தண்ணீரில், ஆழமில்லாத இடத்தில் நாங்கள் ஒட்டிக்கொண்டு சுவர் எழுப்ப ஆரம்பிப்போம். தீவு எழுந்து குளிர் கடலுக்குள் நடந்துவிடும். நாங்கள் வெளுத்துச் செத்துப்போவோம். போன மழைக்கு இந்தப் பாறையில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள் தெரியுமா?"

உமரி தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்களால் ஒரு தீவை நிறுத்த முடியுமா?"

"முடியும். அடிவயிற்றிலிருந்து கடல் தரை வரைக்கும் சுவர் வைத்துத் தைத்துவிடலாம். ஆனால் நாங்களாகச் செய்ய மாட்டோம். தீவுமேல் இருக்கிறவர்களில் ஒருவர் இறங்கி வந்து, எங்களைத் தொட்டு, 'கட்டு' என்று சொல்ல வேண்டும். இன்னொன்றும் தெரிந்துகொள். எங்கள் பேச்சு தண்ணீரோடு போகும். இங்கே கட்டினால் அந்த நொடியே எல்லாக் கடலிலும் கட்டுவோம். எந்தத் தீவு எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். அவிழ்க்க எங்களுக்குத் தெரியாது."

உமரி யோசித்தாள். இப்போது 'கட்டு' என்று சொன்னால் தட்டை எங்கோ ஒரு மூலையில் நின்றுவிடும். நுணாவை இனி இந்தப் பிறவியில் பார்க்க முடியாது.

"பொறுங்கள்" என்றாள். "தட்டை கண்ணுக்குத் தெரியட்டும். நான் வந்து சொல்கிறேன். அதுவரைக்கும் இது யாருக்கும் தெரிய வேண்டாம்."

"எங்களுக்கு அவசரம், அம்மா. நாள்தோறும் சாகிறோம்."

"கொஞ்சம் பொறுங்கள்" என்று மறுபடியும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளுடைய தவிப்பு இரட்டிப்பாயிற்று. முன்பு காத்திருந்தது மட்டும்தான். இப்போது மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். நடந்துகொண்டே இருந்தவள் இப்போது பாதி ஓட்டமாக ஓடினாள்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. ஒருநாள் பகலில் கண்டலன் கத்துகிற சத்தம் தீவு முழுக்கக் கேட்டது. வால்பக்கக் கடலில், தூரத்தில், ஒரு முனை மூக்குப்போல நீண்ட தீவு போய்க்கொண்டிருந்தது. மூக்கன்தான். அடுப்புப் புகைகூடத் தெரிந்தது. கண்டலன் பனை ஓலையைக் கட்டித் தீ வைத்து, அதை ஆட்டிக்கொண்டே பாறைக்குப் பாறை தாவினான். "வன்னீ! வன்னீ!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

உமரி கொஞ்சம் தள்ளி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"கட்டட்டுமா?" என்று காலடியில் பூச்சிகள் கேட்டன.

அவள் கடலைச் சுற்றிப் பார்த்தாள். மூக்கன் மட்டும்தான் இருந்தான். தட்டை எங்கும் இல்லை.

"வேண்டாம்" என்றாள்.

மூக்கன் சாயங்காலம் வரைக்கும் கண்ணுக்குத் தெரிந்தான். பிறகு வெயில் இறங்கிய பக்கமாக மறைந்தான். கண்டலன் உமரியைத் தேடி ஓடி வந்தான். முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாக இருந்தது.

"பார்த்தீர்களா அக்கா? புகை தெரிந்தது! அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், உயிரோடு இருக்கிறார்கள்! ஒரு புள்ளி கரையில் ஓடிற்று, அது வன்னிதான். அவன் ஓடுகிற தினுசு எனக்குத் தெரியாதா?"

"பார்த்தேன்" என்றாள் உமரி. அவன் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. அதற்குப் பிறகு எதிர்ப்பட்டபோதெல்லாம் அவன் "தெரிந்ததா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அடுத்த வருஷம் மழை இல்லை. கூனன் எட்டு மாதம் மேகம் தேடி அலைந்தான். ஊற்றைத் தவிர எல்லாத் தண்ணீரும் வற்றிவிட்டது. ஊற்றுத் தண்ணீரில் கந்தகம். குழந்தைகள் உதடு வெடித்துக் கிடந்தன. ஊர் மொத்தமும் ஊற்றைச் சுற்றி நின்று அழுதது. "பொறுங்கள், பொறுங்கள்" என்று சொல்லிக்கொண்டே கூனன் இரவு பகலாக நடந்தான்.

ஒரு விடியற்காலையில் தலைப்பக்கம் மலைபோல ஒரு கருமேகம் எழுந்தது. கூனன் ஓட ஆரம்பித்தான். உறிகள் ஆடின, நாய்கள் குரைத்தன, எல்லாரும் வெளியே வந்து கைதட்டினார்கள். அப்போதுதான் கண்டலன் தலைப்பக்கக் கரையிலிருந்து கத்தினான்.

"அக்கா! இங்கே வாருங்கள்! தட்டைதானே அது?"

உமரி போய்ப் பார்த்தாள். மேகத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தண்ணீர்மேல் வைத்த தாம்பாளம்போல, தென்னை மரங்களைச் சுமந்துகொண்டு ஒரு தீவு வந்துகொண்டிருந்தது. தட்டைதான். பதினொரு வருஷம் கழித்து உமரி சிரித்தாள். ஓடிப்போய்ப் பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். திரும்பி வந்து பார்த்தபோது கண்டலன் முகம் மாறியிருந்தது.

"அக்கா, அதுவும் ஓடி வருகிறது. இரண்டும் அதே மேகத்துக்குத்தான் ஓடுகின்றன."

உமரி ஊற்றுக்கு ஓடினாள். "கூனப்பா! எதிரே தட்டை வருகிறாள். ஒதுங்கு!"

"மேகத்தை முதலில் பார்த்தவன் நான். அவள் ஒதுங்கட்டும்."

"நீ மலை, அவள் தட்டை. அவள்மேல் ஏறிவிடுவாய். அவள்மேல் ஆட்கள் இருக்கிறார்கள்!"

"என்மேலும் ஆட்கள் இருக்கிறார்கள்" என்றான் கூனன். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். "எட்டு மாதமாகத் தண்ணீர், தண்ணீர் என்று அழுதது யார்? இப்போது நில் என்கிறாயே. நின்றால் மேகம் போய்விடும். என் பிள்ளைகள் செத்துப்போவார்கள்."

அவன் சொன்னதிலும் பொய் இல்லை. உமரி மறுபடியும் கரைக்கு ஓடினாள். ஊர் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைமேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். தட்டையில் ஏறுவதற்கு மலை இல்லை. அந்தக் கரையில் மனிதர்கள் தென்னை மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு பெண் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தத் தூரத்தில் முகம் தெரியாது. ஆனாலும் உமரிக்குத் தெரிந்துவிட்டது.

சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. இரண்டு தீவுகளும் தள்ளிவந்த அலைகள் நடுவில் மோதி அவளைத் தூக்கி எறிந்தன. ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு, கையை இடுக்கில் விட்டுத் துழாவினாள். மெத்தென்று விரலில் பட்டது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் வரட்டும்" என்றன பூச்சிகள். "பக்கத்தில் ஒட்டி நிற்கும். நீ நடந்தே போகலாம்."

உமரி நிமிர்ந்து பார்த்தாள். தட்டையின் தென்னை மரங்கள் வேரோடு நடுங்கிக்கொண்டிருந்தன.

"கட்டு!" என்றாள். "இப்போதே கட்டு!"

தண்ணீருக்கு அடியில் கல் உடைக்கிறதுபோல ஒரு சத்தம் ஓடிற்று. கூனன் தலை குப்புற விழுவதுபோல முன்னால் சாய்ந்து, பின்னால் ஆடி, நின்றான். எதிரே தட்டையும் நின்றாள். இரண்டுக்கும் நடுவே ஒரு கால்வாய் அளவு கடல் மிஞ்சியது. கூப்பிட்டால் கேட்காது, கை அசைத்தால் தெரியும். அவ்வளவு தூரம்.

அந்த நொடியில் உலகம் முழுக்கத் தீவுகள் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக மணி கோத்தாற்போலப் போய்க்கொண்டிருந்த சின்னச் சின்னத் தீவுகள் அப்படியே வரிசையாக நின்றன. இன்றைக்கு அவற்றை மாலத்தீவு என்கிறோம். சூடான கடலில் ஆயிரக்கணக்கில் மந்தையாக மேய்ந்துகொண்டிருந்தவை மந்தையாகவே நின்று இந்தோனேசியா ஆயின; மந்தைக்குள் முட்டிக்கொண்டிருந்தவற்றின் கோபம் இன்னும் அடங்காமல் எரிமலையாகப் புகைகிறது. யாரோடும் சேராமல் தனியாகப் போன நவூரு நடுக்கடலில் தனியாகவே நின்றது. வயிறு எரிகிறது என்று குளிர் கடலுக்குப் போயிருந்த ஐஸ்லாந்து அங்கேயே மாட்டிக்கொண்டது. பவளம் பிழைக்காத அந்தத் தண்ணீரில் பாறைச் சிப்பிகள் செய்தி கேட்டு அந்த வேலையைச் செய்தன. பெரிய கரையை விட்டு அப்போதுதான் புறப்பட்ட மடகாஸ்கர் நாலு எட்டு வைப்பதற்குள் நின்றுபோயிற்று. நம் கரையோடு ஏதோ சொல்வதற்காகக் கழுத்தை நீட்டி வந்த இலங்கை, சொல்வதற்குள் நின்றுவிட்டது.

கூனன்மேல் சனங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். தரை ஆடவில்லை. ஆடாத தரையில் நடக்கத் தெரியாமல் தடுமாறினார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. உமரி ஈரச் சேலையோடு ஊற்றுக்குப் போனாள்.

"கூனப்பா."

ஊற்று ஒரே ஒரு குமிழி விட்டது. பிறகு மெல்லிய குரலில் கூனன் சொன்னான்: "கால் வலிக்கும் என்று நினைத்தேன், உமரி. வலிக்கவில்லை. கால் இருக்கிற மாதிரியே இல்லை."

"என்னை மன்னித்துவிடு."

"பிள்ளைகளுக்குத் தண்ணீர்?"

அதற்குள் மேகம் தானாக நகர்ந்து வந்து மலையில் முட்டிப் பெய்ய ஆரம்பித்தது. உமரி அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு கூனன் பேசவே இல்லை. எந்தத் தீவும் பேசவில்லை.

இரண்டு நாள் ஊர் தண்ணீரைக் குடித்தது, நனைந்தது, ஆடியது. கண்டலன் மட்டும் கரையைச் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் உமரியிடம் வந்தான்.

"இனி எந்தத் தீவும் வராதா, அக்கா?"

"வராது."

"அப்படியானால் மூக்கன்?"

உமரி உள்ளதைச் சொன்னாள். பூச்சிகளோடு பேசியது, காத்திருந்தது, எல்லாம். "போன வருஷம் மூக்கன் வந்த அன்றைக்கே அவை கட்டட்டுமா என்று கேட்டன. நான் வேண்டாம் என்றேன். அன்றைக்குச் சொல்லியிருந்தால் உன் தம்பி உன் கண்முன்னால் நின்றிருப்பான்."

கண்டலன் கையில் கோடாலி இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தான். உமரி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"ஒரு நாளைக்கு நாலு முறை உங்களைப் பார்த்து 'தெரிந்ததா' என்று கேட்டேனே, அக்கா" என்றான். திரும்பி நடந்து காட்டுக்குள் போய்விட்டான்.

காட்டிலிருந்து வெட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு பெரிய மரத்தைச் சாய்த்து அதன் வயிற்றைக் குடைந்துகொண்டிருந்தான். அவன் சொன்னது ஒன்றுதான்: "தீவு இனி நகராது. அப்படியானால் இறங்கிப் போகலாம், திரும்பியும் வரலாம்." உமரி மறுநாள் அங்கே போனாள். கூப்பிடாமலே போய் உட்கார்ந்து, உள்பக்கம் தீ மூட்டிக் கரித்து, சிப்பி ஓட்டால் சுரண்டினாள். அவன் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் பேசாமல் வேலை செய்தார்கள். உலகத்தின் முதல் படகு அப்படித்தான் உருவாயிற்று.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்றைக்கு இரண்டு பேருமே கரையில் நின்றார்கள். தட்டை எதிரே தெரிந்தது. அங்கே யாரோ தினமும் துணியை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கால்வாயில் தண்ணீர் முறுக்கிக்கொண்டு ஓடிற்று; நீந்திப் போக நினைத்த இருவரை ஏற்கனவே இழுத்துக்கொண்டு போயிருந்தது. படகில் ஒருவர் அரை நாளில் போய் வரலாம்.

கண்டலன் துடுப்பை அவளிடம் நீட்டினான். "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் அப்புறம் போகிறேன்."

உமரி துடுப்பை வாங்கவில்லை. கை நீண்டதென்னவோ நிஜம், பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"காற்று இன்றைக்கு வெயில் இறங்குகிற பக்கம் அடிக்கிறது. நாளைக்கு எப்படியோ. மூக்கன் அந்தப் பக்கம்தான் போனான். நீ போ."

"கூனன் அதற்குப் பிறகு எத்தனை முறை திரும்பியிருப்பான், அக்கா. மூக்கனும் எங்கெங்கே போனானோ."

"தீவு தீவாகக் கேட்டுப் போ. ஒன்றும் ஓடிவிடாது. எல்லாம் நிற்கின்றன."

அவன் ஏறிக்கொண்டான். இளநீரும் சுட்ட கிழங்கும் ஏற்றினாள். படகு கடல் விளிம்பில் ஒரு கோடாகித் தேயும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோடாலியை எடுத்துக்கொண்டு தனியாகக் காட்டுக்குப் போனாள். மரம் வெட்டிப் பழக்கமில்லாத கை. இரண்டாவது படகுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதமும் எதிர்க்கரையில் துணி ஆடிக்கொண்டிருந்தது.

தட்டையில் அவள் படகு மணலைத் தட்டியபோது நுணா இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். நுணாவின் பெண்பிள்ளை, ஏழு வயதுக்காரி, கரையில் நின்று கேட்டாள்: "அம்மா, இது யார்?"

"உன் பாட்டி" என்றாள் நுணா. பிறகு உமரியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, "என்னம்மா இது, இப்படிக் காய்த்திருக்கிறது?" என்றாள். அப்போதுதான் உமரி அழுதாள்.

அதன்பின் உமரி கூனனுக்கும் தட்டைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தாள். பவளப் பூச்சிகள் இரண்டு தீவுகளையும் சுற்றிச் சுவர் எழுப்பின. வெளியே அலை மோதி வெள்ளையாக உடையும். உள்ளே தண்ணீர் பச்சைக் கண்ணாடிபோலக் கிடக்கும். பிள்ளைகள் அதில் பயமில்லாமல் குளித்தார்கள். விதைத்த தினையை விதைத்தவர்களே அறுத்தார்கள். மற்றவர்களும் படகு குடைந்தார்கள்.

ஆறாம் வருஷம் உப்பு ஏற்றிக்கொண்டு தெரியாத படகு ஒன்று வந்தது. ஓட்டி வந்தவள் நடு வயதுப் பெண். எந்தத் தீவு என்று கேட்டதற்கு, "மூக்கன்" என்றாள்.

உமரி அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கண்டலன் என்று ஒருவர் வந்தாரா, அம்மா? மரம் வெட்டுகிறவர்."

"வந்தார். எங்கெங்கோ சுற்றி, மூன்று வருஷம் கழித்து வந்து சேர்ந்தார். தம்பியைக் கேட்டார்."

"வன்னி இருந்தாரா?"

அந்தப் பெண் இல்லை என்று தலையாட்டினாள். "தீவு நின்ற அந்த வருஷக் கடைசியில் வன்னி கட்டுமரம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அண்ணனைத் தேடிப் போகிறேன் என்று. நாங்கள் எவ்வளவோ சொன்னோம்."

"கண்டலனை அங்கேயே இருக்கச் சொல்லியிருக்கலாமே! தம்பி திரும்பி வந்தால் அங்கேதானே வருவான்?"

"சொல்லாமல் இருப்போமா? இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் படகு இல்லை."

உமரி அன்றைக்கே படகில் தண்ணீர் ஏற்றினாள். நுணா தடுத்துப் பார்த்தாள். "எங்கே என்று தேடுவாய், அம்மா? எத்தனை தீவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. அதனால் எல்லாத் தீவிலும் சொல்லிவிட்டு வருகிறேன். கண்டலன் வந்தால் வன்னி தேடுகிறான் என்று சொல்லுங்கள், வன்னி வந்தால் கண்டலன் தேடுகிறான் என்று சொல்லுங்கள் என்று. யார் காதிலாவது விழும். நிறுத்தியவள் நான்தானே."

போன இடத்திலெல்லாம் சொன்னாள். கேட்டவர்கள் தங்கள் படகில் அடுத்த தீவுக்கு எடுத்துப்போய்ச் சொன்னார்கள். அந்தத் தீவுகளிலும் ஆளுக்கொரு தேடல் இருந்தது. பிரிந்துபோன அக்காளை, மாமனை, கட்டிக்கொடுத்த பெண்ணை அவர்களும் கேட்டார்கள். ஒரு பேரைத் தேடிக் கிளம்பிய படகு பத்துப் பேரை விசாரித்துக்கொண்டு திரும்பிற்று. எங்கோ ஒரு கரையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்து இறங்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். எந்தக் கரை என்று கேட்டால் ஆளுக்கொரு தீவின் பெயரைச் சொல்வார்கள்.

அன்றைக்குக் கால் ஊன்றிய தீவுகள்தாம், பவள வேலிக்குள்ளே, மந்தையாகவும் வரிசையாகவும் தனியாகவும் நின்ற இடத்திலேயே இன்றுவரை நிற்கின்றன. அவற்றின்மேல் குடியிருப்பவர்களோ அன்று தொடங்கித்தான், கரையில் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாலே போதும், படகை இழுத்துத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்.